கூத்தாடிப் படத்துக்கு டாக்டர் பட்டமா?

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைப் பற்றி ஒரு மாணவர் ஆராய்ச்சி செய்யப் போவதாக வைத்துக்கொள்வோம். ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, நோட்டும் பேனாவுமாகப் போய் இறங்கினால் ஊரே உதவி செய்யும். இலங்கைக்குப் போகும் முன் ராமர் பிரதிஷ்டை செய்த நவக்கிரகங்கள் இவை என்று ஒருவர் கதை சொல்வார். தோஷம் கழிய எப்படிச் சுற்ற வேண்டும் என்று இன்னொருவர் தண்ணீரில் இறங்கியே காட்டுவார். ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி டீக்கடையில் அரை மணி நேரம் பேசுவார்கள். வழிகாட்டிப் பேராசிரியரும் தலையாட்டுவார். நாலைந்து வருடத்தில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' வந்துவிடும்.

அதே மாணவர் அதே டீக்கடையில், "ஜெகன்மோகினி படத்தை எத்தனை தடவை பார்த்தீங்க? அப்படி என்ன இருந்துச்சு அதுல?" என்று கேட்டால்?

முதலில் சிரிப்பார்கள். அப்புறம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் சிரிக்கக்கூட மாட்டார். "உருப்படியா ஒரு தலைப்பு எடுத்துட்டு வாப்பா" என்பார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு கேள்வியும் ஒன்றுதான். மனிதர்கள் ஒரு விஷயத்தை விடாமல் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்? கல்லைச் சுற்றினால் அது ஆராய்ச்சி. படத்தைச் சுற்றினால் பொழுதுபோக்கு. இந்தக் கோட்டை யார் போட்டது?

'கல்ட்' என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'கல்ட் சினிமா' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கே வழிபாடு என்றுதான் அர்த்தம். எல்லோரும் கொண்டாடும் படம் ஹிட் படம். ஒரு சின்னக் கூட்டம் மட்டும் சாமி கும்பிடுவது மாதிரி திரும்பத் திரும்பப் பார்த்து, வசனத்தை மனப்பாடம் செய்து, மற்றவர்கள் திட்டினாலும் விடாமல் தூக்கிச் சுமக்கும் படம் கல்ட் படம். அது நல்ல படமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1975ல் வந்த 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' முதலில் தோல்விப் படம். அடுத்த வருடம் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தார்கள். ரசிகர்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து திரையோடு சேர்ந்து கத்தினார்கள். அந்தப் பழக்கம் தலைமுறை தாண்டியும் போகவில்லை.

நம் பக்கம் உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசனை எடுத்துக்கொள்ளலாம். 1991 தீபாவளிக்குத் 'தளபதி'யோடு மோதிய 'குணா' அப்போது ஓடவில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' கையைக் கடித்தது. நியூயார்க்காரனுக்கு நள்ளிரவுக் காட்சி மாதிரி நமக்கு வாய்த்தது டிவி. மறுஒளிபரப்பில் பார்த்துப் பார்த்தே இந்தப் படங்களுக்கு ஒரு பக்தர் கூட்டம் சேர்ந்தது. 2024ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் குணா குகையைக் காட்டியபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எழுந்த விசில், 33 வருடத்துக்கு முன் கிடைத்திருக்க வேண்டியது!

இன்னொரு பக்கம், யாரும் கலை என்று சொல்லாத படங்கள் இருக்கின்றன. விட்டலாச்சார்யாவின் மாயாஜாலங்கள், ஜெய்சங்கரின் சி.ஐ.டி. படங்கள், 1970களில் கர்ணன் எடுத்த 'கங்கா', 'ஜக்கம்மா' மாதிரியான கௌபாய் படங்கள், பாம்பும் குரங்கும் யானையும் நடிக்க, காரைக்குடிக்காரரான இராம.நாராயணன் எடுத்துத் தள்ளிய நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். விமர்சகர்கள் கண்டுகொள்ளாத இவற்றை ஜனங்கள் கைவிடவில்லை.

வெளிநாட்டில் இதற்குச் சம்பளம் உண்டு

இதைப் படிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் மேலைநாடுகளில் இருக்கிறார்கள். 1995ல் ஜெஃப்ரி ஸ்கான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'குப்பைப் படங்களை'ப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். எந்தப் படம் குப்பை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. எர்னஸ்ட் மதீஸ், ஜேமி செக்ஸ்டன் என்ற இரு பேராசிரியர்கள் 2011ல் கல்ட் சினிமாவுக்கென்று ஒரு பாடநூலே எழுதினார்கள். பிரிட்டனில் ப்ரூனெல் பல்கலைக்கழகம் 2000களில் கல்ட் சினிமாவுக்கும் டிவிக்கும் தனியாக எம்.ஏ. நடத்தியது.

சினிமா நடிகருக்குப் பால் ஊற்றும் தமிழ்நாட்டில் இப்படி ஒருவராவது உண்டா? உண்டு. ஆனால் யாரும் வாசல் வழியாக உள்ளே வரவில்லை. எல்லோரும் கொல்லைப்புறமாகத்தான் வந்தார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். தமிழர்கள் சாதி பார்க்காமல் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே தரையா பெஞ்சா நாற்காலியா என்பதைத் தீர்மானித்தது டிக்கெட் காசு மட்டுமே என்று 1981ல் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தபால் துறை அதிகாரி. கடிதங்களைக் கவனித்துக்கொண்டே பழைய படங்களைத் தேடி அலைந்தார். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வு பெற்றார். அவர் எழுதிய தமிழ் சினிமா வரலாற்றுக்குத் தேசிய விருது கிடைத்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் நாடார் சமூகத்தைப் பற்றி ஆராய வந்தவர். நட்சத்திரங்கள் தெய்வங்களின் இடத்தைப் பிடிப்பதைப் பற்றி 1970களில் எழுதிவிட்டுப் போனார். மதுரையில் ஏழை ஜனங்களோடு உட்கார்ந்து படம் பார்த்து, 1993ல் புத்தகம் எழுதிய சாரா டிக்கி ஒரு மானுடவியலாளர்.

இந்த வரிசையில் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பொருளாதாரக்காரர் எம்.ஜி.ஆரைப் பார்த்தபோது

1958ல் பிறந்த பாண்டியன் படித்தது பொருளாதாரம். சென்னை அடையாறில் இருக்கும் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தார். அவருடைய முதல் புத்தகம் 1990ல் வந்தது. நாஞ்சில் நாட்டு விவசாயம் 1880 முதல் 1939 வரை எப்படி மாறியது என்பது அதன் விஷயம். நிலம், குத்தகை, நெல், கூலி. சினிமா வாசனையே கிடையாது.

இரண்டே வருடத்தில், 1992ல், எம்.ஜி.ஆரைப் பற்றிய புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் 'பிம்பச் சிறை' என்கிறார்கள். 1987 டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது தமிழ்நாடு நடந்துகொண்ட விதத்திலிருந்து அது தொடங்குகிறது. லட்சக்கணக்கில் கூட்டம், தற்கொலைகள், பெற்ற தகப்பன் செத்த மாதிரி மொட்டை போட்டுக்கொண்ட இளைஞர்கள். படித்தவர்கள் பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கினார்கள். பாண்டியன், இது எப்படி நடந்தது என்று கேட்டார்.

பதில் தேட அவர் போன இடங்கள் முக்கியம். மதுரை வீரன், முத்துப்பட்டன் மாதிரி கதைப்பாடல் நாயகர்களின் சாயல் எம்.ஜி.ஆர். பாத்திரங்களில் எப்படிப் படிந்தது என்று பார்த்தார். படகோட்டியாக, ரிக்‌ஷாக்காரனாக, விவசாயியாக அவர் வந்து நின்றதில் உழைப்பவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தார். அதோடு நிற்கவில்லை. பொருளாதாரக்காரர் அல்லவா, கணக்கு நோட்டைத் திறந்தார். 1977 முதல் 1987 வரை நடந்த ஆட்சியில் யாரிடமிருந்து வரி வந்தது, யாருக்குப் பலன் போனது என்று பார்த்தார். ஏழைகளின் காவலனாகத் திரையில் நின்றவரின் ஆட்சியில் சுமை ஏழைகள் தலையில்தான் ஏறியது என்பது அவர் வாதம். அப்படி இருந்தும் ஏழைகள் அவரை விடவில்லை. ஏன் என்ற கேள்விதான் அந்தப் புத்தகத்தின் உயிர்.

இந்தப் புத்தகத்தில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. படங்களைக் கூர்மையாகப் படித்த அளவுக்குப் பார்வையாளர்களின் வாயைக் கிளறவில்லை என்ற விமர்சனம் உண்டு. ஜனங்களை பிம்பத்தில் மாட்டிக்கொண்ட கைதிகளாக மட்டும் பார்த்தால் அவர்களுடைய புத்திசாலித்தனம் கண்ணில் படாமல் போய்விடும். சாரா டிக்கி மதுரையில் நேரடியாகக் கேட்டபோது, திரையில் நடப்பது கற்பனை என்று தெரிந்தேதான் ரசிக்கிறார்கள் என்று தெரிந்தது. பாண்டியன் 1996ல் எழுதிய கட்டுரையில் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டார். தமிழ் மேல்தட்டு ஏன் சினிமாவைக் கண்டு இவ்வளவு அருவருப்பும் பயமும் கொண்டது? கீழே இருப்பவன் தன் பக்கத்தில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்க்கிறான் என்ற சங்கடம் அதில் எவ்வளவு? ரசிகனை ஆராய்ந்தவர் கடைசியில் ரசிகனைப் பார்த்து முகம் சுளித்தவர்களையும் ஆராய்ச்சி மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பிறகு அவர் திராவிட அரசியல், சாதி வரலாறு என்று நகர்ந்தார். 2007ல் பிராமணர், பிராமணரல்லாதார் பற்றிய பெரிய புத்தகம் வந்தது. கடைசிக் காலத்தில் டெல்லி ஜே.என்.யு.வில் வரலாற்றுப் பேராசிரியர். 2014 நவம்பர் 10ல் இறந்துபோனார். எம்.ஜி.ஆர். புத்தகம் தமிழில் வர 20 வருடத்துக்கு மேல் ஆனது. யாரைப் பற்றி எழுதினாரோ அந்த ஜனங்களின் மொழிக்கு அது அவ்வளவு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

அரசியல் என்ற அனுமதிச் சீட்டு

இந்த வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தமிழ் சினிமாவைப் பற்றி நடந்த பெரிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அரசியல் என்ற அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் உள்ளே போயின. அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று ஐந்து முதலமைச்சர்கள் சினிமாவோடு சம்பந்தப்பட்டவர்கள். அதனால் 'பராசக்தி'யை ஆராயலாம், 'நாடோடி மன்னன்' பற்றி எழுதலாம். கேட்டால், 'இது அரசியல் ஆய்வு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

விட்டலாச்சார்யா எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஜெய்சங்கரின் துப்பாக்கி எந்த ஆட்சியையும் கவிழ்க்கவில்லை. அதனால் அந்தப் படங்களுக்கு ஆராய்ச்சியில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அம்மன் படத்தில் அம்மன் வந்ததும் தியேட்டரில் சாமியாடிய பெண்களின் அனுபவம் எம்.ஜி.ஆர். ரசிகனின் அனுபவத்தைவிட எந்த விதத்தில் குறைந்தது? ஓட்டாக மாறாத பக்திக்கு வரலாறு கிடையாதா?

ராமநாதபுரத்திலேயே ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கிறது. 2008ல் 'நாயகன்' படத்தோடு வந்த ஜே.கே. ரித்தீஷை இணையத்தில் எழுதிய இளைஞர்கள் 'வீரத்தளபதி' என்று கிண்டலாகவே கொண்டாடினார்கள். கிண்டலே ஒரு கல்ட் ஆனது. அடுத்த வருடம், 2009ல், தேவிபட்டினமும் அடங்கிய ராமநாதபுரம் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்று அவர் எம்.பி. ஆகிவிட்டார்! சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஜெயித்தது கட்சியா, கூட்டணியா, சொந்த ஊர்க்காரர் என்ற பாசமா, திரை முகமா? சினிமாவால்தான் ஜெயித்தார் என்று சொல்வதும் சோம்பேறித்தனம், சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்வதும் சோம்பேறித்தனம். அந்த வருடமே ஒரு ஆராய்ச்சியாளர் ஊர் ஊராகப் போய்க் கேட்டிருந்தால் கல்ட் என்ற சொல்லுக்கே ஒரு புது அத்தியாயம் கிடைத்திருக்கும். ஒரே முகத்தை இணையத்தில் பார்த்தவர்களும் தொகுதியில் பார்த்தவர்களும் இரண்டு வேறு பார்வையாளர்கள். 2019 ஏப்ரலில் ரித்தீஷ் காலமானார். அதற்குச் சில வாரம் முன்பு வந்த 'எல்.கே.ஜி.'யில் அவர் அரசியல்வாதியாக நடித்ததைக் கிண்டல் செய்தவர்களே பாராட்டினார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை நடந்த கதை

"குப்பைக்கு எதற்கு ஆராய்ச்சி?" என்பவர்களுக்கு நா. வானமாமலையை ஞாபகப்படுத்தலாம். ஒரு காலத்தில் தமிழ் ஆராய்ச்சி என்றால் சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், இலக்கணம்தான். தெம்மாங்கும் ஒப்பாரியும் வில்லுப்பாட்டும் படிக்காதவன் சரக்கு. பாளையங்கோட்டையில் டுடோரியல் காலேஜ் நடத்திப் பிழைத்துக்கொண்டே வானமாமலை நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் சேகரித்தார், பதிப்பித்தார். 'ஆராய்ச்சி' என்று ஒரு பத்திரிகையே நடத்தினார். அவரும் கொல்லைப்புற ஆசாமிதான். இன்று அதே பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் பாடமாக இருக்கிறது. அவர் மாதிரி ஆட்கள் முத்துப்பட்டன் கதையை அச்சில் ஏற்றி வைத்ததால்தான் பிற்பாடு வந்தவர்கள் எம்.ஜி.ஆரை முத்துப்பட்டனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அன்றைக்கு ஒப்பாரிக்குச் சொன்ன அதே சாக்கைத்தான் இன்றைக்கு டூரிங் டாக்கீஸ் படத்துக்குச் சொல்கிறார்கள்.

சரி, வேலை கிடைக்குமா?

வகுப்பில் யாராவது இந்த விஷயத்தைப் பேசினால் அடுத்த கேள்வி இதுதான். நேர்மையான பதில்: கல்ட் சினிமா என்று போர்டு மாட்டிய வேலை தமிழ்நாட்டில் கிடையாது. விஸ்காம் படித்தால் கேமராவும் எடிட்டிங்கும் கற்றுக்கொள்ளலாம். தரமணி ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம். படம் பார்த்தவனைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் அநேகமாக வெளியூர் வண்டி ஏற வேண்டும். கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1993லேயே சினிமா ஆய்வுக்குத் தனித்துறை வந்துவிட்டது.

ஆனால் பாண்டியன் வந்த கொல்லைப்புற வழியில் ஒரு லாபமும் இருக்கிறது. அவர் வெறும் சினிமா ரசிகராக இருந்திருந்தால் ரசித்து எழுதியிருப்பார், அல்லது திட்டி எழுதியிருப்பார். நாஞ்சில் நாட்டு நிலக் கணக்கைப் புரட்டிய கை என்பதால்தான் பிம்பத்துக்குப் பக்கத்தில் பட்ஜெட்டை வைத்துப் பார்க்கத் தெரிந்தது. ஆகவே இந்த ஆசை இருப்பவர்கள் முதலில் வரலாறோ, மானுடவியலோ, பொருளாதாரமோ ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது நல்லது. படம் எல்லோரும்தான் பார்க்கிறார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டியது, கேள்வி கேட்கும் முறை.

அதற்காகக் கொல்லைப்புறமே போதும் என்று இருந்துவிட முடியாது. அந்த வழியாக ஒருவர் இருவர்தான் வர முடியும். அதுவும் பிடிவாதம் இருந்தால்தான். புதிதாகத் துறை எதுவும் திறக்க வேண்டாம். இருக்கிற தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சமூகவியல் துறையும் தலைப்பைப் பார்த்ததும் சிரிக்காமல் இருந்தால் போதும். நவபாஷாணத்தைப் பற்றிய ஆய்வுக்குப் போடும் கையெழுத்தை 'ஜெகன்மோகினி' பற்றிய ஆய்வுக்கும் போட வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் இரண்டையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பட்டும்.

அவசரம் எதற்கு என்று கேட்கலாம். 'படகோட்டி' வந்தது 1964ல். அந்த வருடம் டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. புயலைப் பற்றி அறிக்கைகள் இருக்கின்றன, போட்டோக்கள் இருக்கின்றன, இடிந்த சர்ச் சுவர்கூட இன்னும் நிற்கிறது. கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பையன், மீனவனாக எம்.ஜி.ஆர். துடுப்புப் பிடித்து வந்ததைத் திரையில் பார்த்தபோது என்ன நினைத்தான்? "இவனுக்குத் துடுப்புப் போடவே தெரியலையே" என்று சிரித்தானா, "நம்மாளு" என்று கண் கலங்கினானா, இல்லை இரண்டும் சேர்ந்தே வந்ததா? அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கு 15 வயதாக இருந்தவருக்கு இன்று 75 தாண்டியிருக்கும்.

கடலுக்குள் நிற்கும் கற்கள் இன்னும் நெடுநாள் நிற்கும். அவற்றைப் பற்றி அடுத்த வருடம்கூட ஆராயலாம். கொட்டகை மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். டீக்கடையில் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பு வாங்கிக்கொள்ள யார் தயார்?